பேர் வெட்டிய அண்டாவும் பேரில்லாத் தூணும்

செட்டிநாட்டின் நாட்டரசன்கோட்டையில் தைப் பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை நகரத்தார் கூடிச் செவ்வாய்ப் பொங்கல் வைக்கிறார்கள். மணமான ஒரு தம்பதி ஒரு 'புள்ளி'. புள்ளிக்கு ஒரு பொங்கல் என்பது கணக்கு. கண்ணுடையநாயகி அம்மன் கோவிலில் நூற்றுக்கணக்கான அடுப்புகள் எரியும். இப்படி ஊரே கூடிச் செய்யும் காரியங்களில் எந்தச் சாமான் யார் வீட்டுடையது என்ற கேள்விக்குச் செட்டிநாடு எப்போதோ விடை கண்டுவிட்டது. அண்டா, தூக்குச்சட்டி, குத்துவிளக்கு என்று எதைத் திருப்பிப் பார்த்தாலும் விளிம்பிலோ அடியிலோ சில எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். அப்பா, தாத்தா, அவருக்கு முந்தியவர் என்று பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த அந்தக் குடும்ப அடையாளத்தை 'விலாசம்' என்பார்கள்.

இப்போது கைபேசியில் பழைய சாமான் விற்கும் செயலி ஒன்றைத் திறந்து 'செட்டிநாடு' என்று தேடுங்கள். பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, செதுக்கு வேலை செய்த நிலைக்கதவு என்று படங்கள் வரிசை கட்டும். பெரும்பாலானவை நேர்மையான விற்பனைதான். பங்காளிகள் பேசி முடித்து விற்றவை, காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் வழியாக வந்தவை. ஆனால் உரியவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டிலிருந்து இரவில் எடுத்த பொருளும் அதே வரிசையில் அதே மாதிரி ஒரு படமாகத்தான் நிற்கும். முன்பெல்லாம் திருடியவர் பொருளை உள்ளூர்ச் சந்தைக்குக் கொண்டுவர அஞ்சுவார்; யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள். இணையச் சந்தையில் பார்ப்பவர் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். அந்த அக்கம்பக்கத்துக் கண்ணை ஒரு கணினிக்குக் கொடுக்க முடியுமா? முடியும். எப்படி என்பதில்தான் அழகு இருக்கிறது.

முதலில், வெட்டிய எழுத்தை அரம் போட்டுத் தேய்த்துவிட்டால்? எழுத்து போய்விடும் என்றுதான் தேய்ப்பவர் நினைப்பார். உலோகம் அப்படி மறப்பதில்லை. உளியை வைத்துத் தட்டும்போது மேலே ஒரு பள்ளம் விழுகிறது. அதற்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஆழம் வரை உலோகத்தின் நுண்படிகங்கள் நசுங்கி, வரிசை கலைந்து போகின்றன. அரம் பள்ளத்தை நீக்குகிறது. நசுங்கிய அடுக்கு உள்ளேயே கிடக்கிறது. தேய்த்த இடத்தைப் பளபளப்பாக்கி ஏற்ற அமிலக் கரைசலைத் தடவினால், நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வேறு வேறு வேகத்தில் அரிக்கப்படும். சில நிமிடங்களில் எழுத்து மங்கலாக மேலெழும். எஃகுக்குத் தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசல், பித்தளைக்கு வேறொன்று. திருட்டு வண்டிகளின் எஞ்சின் எண்ணையும் சேஸ் எண்ணையும் தடய அறிவியல் ஆய்வகங்கள் மீட்பது இந்த வழியில்தான். பாத்திரக் கடையில் அரைமணி நேரம் காத்திருந்து வாங்கிவரும் பேர் வெட்டுக்கு இவ்வளவு ஆழம் உண்டு.

வெட்டத் தேவையே இல்லாமல், பிறக்கும்போதே பெயரோடு வரும் பொருள் கைபேசி. *#06# என்று அழுத்திப் பாருங்கள். 15 இலக்கங்கள் வரும். அதுதான் ஐஎம்இஐ எண். முதல் 8 இலக்கங்கள் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று சொல்லும். அடுத்த 6, அந்தக் குறிப்பிட்ட கருவியின் வரிசை எண். கடைசி இலக்கம் மற்ற 14 இலக்கங்களுக்குக் காவல் நிற்கிறது. அதைச் 'சரிபார்ப்பு இலக்கம்' என்போம்.

அந்தக் காவலை ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பார்க்கலாம். பாடப் புத்தகங்களில் வரும் மாதிரி எண் 49015420323751. இதில் இரண்டாவது, நான்காவது, ஆறாவது என இரட்டைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை இரட்டிப்பாக்குங்கள். இரண்டு இலக்கம் வந்தால் அவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்: 9 இரட்டித்தால் 18, அதாவது 1+8, மறுபடியும் 9. இனி எல்லாவற்றையும் கூட்டினால் 52 வரும். அடுத்த பத்தின் மடங்கு 60. குறைவது 8. ஆகவே கடைசி இலக்கம் 8. எழுதும்போது ஏதாவது ஓர் இலக்கம் தவறினாலும் கூட்டல் பொருந்தாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். 09, 90 ஆகும் ஒரு வகை மட்டும் தப்பும். பென்சிலால் போடக்கூடிய இந்தக் கணக்குதான் காவல்நிலையப் புகாரில் தவறான எண் ஏறிவிடாமல் காக்க உதவுகிறது. வங்கி அட்டை எண்ணுக்கும் இதே கணக்குதான்.

எண் இருந்தால் போதாது, அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். இந்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் மையப் பதிவேடு அந்த வேலையைச் செய்கிறது. 2023 மே மாதம் 'சஞ்சார் சாத்தி' தளத்தின் வழியாக அது நாடு முழுவதற்கும் திறந்துவிடப்பட்டது. கைபேசி தொலைந்தால் காவல்துறையில் புகார் கொடுத்து, எண்ணைத் தளத்தில் பதிய வேண்டும். அதன்பின் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அந்தக் கருவிக்கு இந்தியாவில் இணைப்புக் கிடைக்காது. யாராவது சிம்மைச் செருகினால் அந்தத் தகவல் காவல்துறைக்குப் போய்விடும். பழைய கைபேசி வாங்குபவருக்கும் இது பயன்படும். பணம் கொடுப்பதற்கு முன், கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் இடம்விட்டு 15 இலக்க எண்ணையும் அடித்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தக் கருவியின் நிலை பதிலாக வரும். 'கறுப்புப் பட்டியல்', 'ஒரே எண்ணில் பல கருவிகள்' என்று வந்தால் வாங்கக் கூடாது. எண்ணைத் திருத்துவது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்கு உரிய குற்றம்.

ஆகவே கைபேசித் திருடர் முழுக் கருவியை விற்பதைவிடப் பிரித்து உதிரியாக விற்கப் பார்க்கிறார். திரைக்கும் பேட்டரிக்கும் ஐஎம்இஐ கிடையாது. பெயரை ஒட்ட முடியாத அளவுக்குப் பொருளைச் சிதைத்துவிட்டால் தடம் அறுந்துபோகும்.

தங்கத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மை. 2023 ஏப்ரல் முதல் கடையில் விற்கப்படும் ஹால்மார்க் நகைக்கு ஆறு எழுத்தெண் கொண்ட தனிக்குறி கட்டாயம். எச்யூஐடி என்பது அதன் பெயர். ஒவ்வோர் இடத்திலும் 26 எழுத்து, 10 எண் என 36 வாய்ப்பு. ஆறு இடத்துக்கு ஏறத்தாழ 217 கோடி தனித்தனிக் குறிகள். தமிழ்நாட்டு மக்கள்தொகையைப்போல் முப்பது மடங்கு. பிஐஎஸ் கேர் செயலியில் குறியை அடித்தால் எந்தக் கடையின் பதிவு, எந்த மையம் சோதித்தது, எத்தனை காரட் என்று தெரிந்துவிடும். ஆனால் நகை யாருடையது என்று அது சொல்லாது. 1064 டிகிரி செல்சியஸில் தங்கம் உருகினால் குறியும் உருகிவிடும். செட்டிநாட்டுக் கழுத்திரு போன்ற பரம்பரை நகைகளோ குறி இல்லாத காலத்து வேலை. அவற்றுக்கு எண் இல்லை. வேலைப்பாடுதான் அடையாளம்.

எண்ணே இல்லாத பொருளை எப்படி அழைப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடித் தந்தவை தமிழ்நாட்டுக் கோவில் சிலைகள்.

சோழர் காலத்து ஐம்பொன் சிலைகள் ஒவ்வொன்றும் ஒற்றைப் பிறவி. முதலில் மெழுகில் உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்ட வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி ஆறவிடுவார்கள். பிறகு மண்ணை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க முடியும். அச்சு உடைந்துவிட்டதால் அதே சிலை இன்னொரு முறை வராது. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். வார்ப்பில் விழுந்த சிறு குழி, உளிபட்ட கோணம், தாமரைப் பீடத்தில் வளைந்த ஓர் இதழ், நூற்றாண்டுகளாக அபிஷேகத்தில் தேய்ந்த மூக்கு நுனி, எல்லாம் சேர்ந்து அந்தச் சிலைக்கு மட்டுமே உரிய விலாசம் ஆகின்றன. யாரும் வெட்டாத விலாசம். அதைப் படித்து வைத்திருக்க ஆள்தான் வேண்டும்.

படித்து வைத்திருந்தார்கள். புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், மறு ஆண்டிலிருந்து தென்னிந்தியக் கோவில்களைப் படம் எடுத்துச் சேர்க்கத் தொடங்கியது. இன்று அந்தச் சேமிப்பில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. எடுத்தவர்களின் நோக்கம் சிற்பக்கலை ஆய்வு; திருடரைப் பிடிப்பது அவர்கள் மனத்தில் இருந்திருக்காது. ஆனால் அரையிருளில், கருவறை ஓரத்தில் எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் பின்னாளில் சாட்சி சொல்ல வந்தன.

மயிலாடுதுறைப் பக்கத்தில் உள்ள ஆனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோவிலில் ராமர், சீதை, லட்சுமணர் சிலைகளை அந்த நிறுவனம் 1958-இல் படம் எடுத்தது. 1978-இல் சிலைகள் திருடு போயின. நாற்பது ஆண்டுகள் கழித்து, பிரிட்டனின் பழம்பொருள் வணிகர் சங்கத்தின் இணையதளத்தில் ஒரு ராமர் படம் இருந்தது. 'இந்தியா பிரைட் புராஜெக்ட்' என்ற தன்னார்வக் குழுவின் விஜயகுமார் அதைக் கவனித்தார். 1958 படத்தோடு ஒப்பிட்டார்கள், பொருந்தியது. 2019-இல் தகவல் இந்தியத் தூதரகத்துக்குப் போனது. 2020 செப்டம்பரில் லண்டன் காவல்துறை மூன்று சிலைகளையும் தூதரகத்திடம் ஒப்படைத்தது. அவற்றை வைத்திருந்தவர் தாமாகவே திருப்பித் தர இசைந்தார். எவ்வளவு பெரிய திருப்பம் பாருங்கள்: திருட்டை மறைக்க உதவும் என்று நாம் அஞ்சும் அதே இணையப் படம், பொருளைக் காட்டிக்கொடுத்தது.

அந்த ஒப்பீட்டை மனிதக் கண்தான் செய்தது. எல்லாவற்றையும் கண்ணால் செய்ய முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு விற்பனைப் படத்தைப் புதுச்சேரிச் சேமிப்பின் ஏறத்தாழ 1,60,000 படங்களோடு ஒப்பிட வேண்டும். படத்துக்கு ஒரு நிமிடம், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் விடுமுறையே எடுக்காமல் பதினோரு மாதம் ஆகும். சந்தையில் அன்றாடம் ஏறுவதோ லட்சக்கணக்கான படங்கள்.

இங்கேதான் கணினி ஒரு சின்ன தந்திரத்தோடு வருகிறது. எவ்வளவு பெரிய படமானாலும் அதைச் சுருக்கி, வரிசைக்கு ஒன்பது புள்ளி வீதம் எட்டு வரிசைப் புள்ளிக் கோலம்போல் ஆக்கிவிடும். நிறம் போய்விடும்; ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு வெளிச்சம் என்ற அளவு மட்டும் மிஞ்சும். பிறகு ஒவ்வொரு புள்ளியிடமும் ஒரே கேள்வி: உன் வலப்பக்கத்துப் புள்ளி உன்னைவிட வெளிச்சமா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. வரிசைக்கு எட்டு விடை, மொத்தம் 64 விடை. அந்த 64 இலக்க வரிசையைப் 'படச் சுருக்கெண்' என்று அழைக்கலாம். படத்தைச் சற்று வெளுக்கச் செய்தாலும், அளவை மாற்றினாலும், மூலையில் கடையின் பெயரை அடித்தாலும் புள்ளிகளுக்கு இடையே எது வெளிச்சம் எது இருட்டு என்ற உறவு பெரிதாக மாறாது. இரண்டு படங்களின் சுருக்கெண்களை அருகருகே வைத்து எத்தனை இடத்தில் வேறுபடுகின்றன என்று எண்ணினால் போதும். தொடர்பே இல்லாத படங்கள் சராசரியாகப் பாதி இடங்களில், அதாவது 32 இடங்களில் வேறுபடும். ஐந்தாறு இடத்தில்தான் வேறுபாடு என்றால் அநேகமாக அதே படம்.

இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது அளவுதான். ஒரு சுருக்கெண்ணுக்கு வெறும் 8 பைட் இடம். 1,60,000 படங்களின் சுருக்கெண்களையும் ஒன்றாகச் சேர்த்தால் ஏறத்தாழ 1.3 மெகாபைட். நம் கைபேசி எடுக்கும் ஒரே ஒரு படம் பெரும்பாலும் இதைவிடப் பெரியது. பதினோரு மாத வேலையைச் சாதாரணக் கணினி ஒரு நொடிக்குள் முடித்துவிடும். விற்பவர் வேறோர் ஊரில், வேறொரு பெயரில், அதே படத்தை மறுபடி ஏற்றினாலும் இது பிடித்துவிடும்.

அதே பொருளை வேறு கோணத்தில் புதிதாகப் படம் எடுத்தால்? சுருக்கெண் தோற்றுவிடும். அதற்கு வேறொரு முறை இருக்கிறது. மொத்தப் படத்தையும் பார்க்காமல், கூர்மையான இடங்களை மட்டும் கணினி தேடுகிறது: இதழ் நுனி, கிரீடத்தின் விளிம்பு, பீடத்தில் உள்ள துளை. ஒவ்வொரு இடத்தையும் சுற்றி வெளிச்சம் எந்தத் திசையில் கூடுகிறது, எந்தத் திசையில் குறைகிறது என்பதை எண்களாக எழுதிக்கொள்கிறது. 1999-இல் கனடாவின் டேவிட் லோ முன்வைத்து, பின்னர் செம்மைப்படுத்திய முறையில் ஓர் இடத்துக்கு 128 எண்கள். படத்தைச் சுழற்றினாலும் சிறிதாக்கினாலும் இந்த எண்கள் ஏறக்குறைய அப்படியே நிற்கும். பிறகு கணினி இடங்களை ஒன்றோடொன்று பொருத்தி, அவற்றின் நடுவே உள்ள தூரமும் கோணமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறது. இருபது முப்பது இடங்கள் ஒரே ஒழுங்கில் பொருந்தினால் கூர்ந்து பார்க்கும்படி மனிதருக்கு மணி அடிக்கிறது. தீர்ப்பு மனிதருடையதுதான். பளபளக்கும் உலோகத்தில் விளக்கு நகர்ந்தாலே நிழல் மாறிவிடும் என்பதால் அந்தக் கடைசிக் கண் அவசியம்.

இன்னும் நுட்பமான தடம் ஒன்று உண்டு. அது பொருளில் இல்லை, படம் எடுத்த கேமராவில் இருக்கிறது. கேமராவின் உணர்சில்லில் உள்ள லட்சோபலட்சம் நுண்கட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி வெளிச்சத்தை வாங்குவதில்லை. தயாரிப்பில் நேர்ந்த மிகச் சிறிய வேறுபாடுகளால் ஒன்று ஒரு துளி கூடுதலாக வாங்கும், இன்னொன்று ஒரு துளி குறைவாக. அந்த ஒழுங்கு அந்தக் கேமரா எடுக்கும் எல்லாப் படங்களிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய புள்ளித் திரையாகப் படிகிறது. இரண்டு வேறு பெயர்களில், இரண்டு வேறு ஊர்களில் இருந்து வந்ததாகக் காட்டப்படும் விற்பனைப் படங்களில் அதே திரை இருந்தால், இரண்டையும் எடுத்த கருவி ஒன்றே என்று சந்தேகிக்கலாம். பொருளின் பெயரை மறைத்தவர் தன் கருவியின் பெயரைப் படத்திலேயே எழுதிவிடுகிறார்.

சந்தைகளின் கடமை என்ன? அமெரிக்காவில் 2023 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம், ஓராண்டுக்குள் குறைந்தது 200 முறை புதுப் பொருள் விற்றுக் குறைந்தது 5,000 டாலர் ஈட்டும் விற்பனையாளரின் அடையாளத்தையும் வங்கிக் கணக்கையும் சந்தை சரிபார்த்தே ஆக வேண்டும் என்கிறது. ஃபேஸ்புக் 2020-இல் தொல்பொருள் விற்பனையைத் தன் தளங்களில் தடை செய்தது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருள் ஆகிறது. அதை வணிகம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. செட்டிநாட்டு வீடுகளில் பல, நூறாண்டைத் தாண்டிவிட்டன என்பதை நினைவில் கொள்ளுங்கள். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது என்பதும் நம் சட்டத்தின் பொது விதி. காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் பொருள் உரியவரிடமே திரும்பும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் வாங்கியவரும் குற்றவாளி.

ஆனால் இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பசி: பொருள் வீட்டில் இருந்தபோது எடுத்த படம் வேண்டும். கோவில் சிலைகளுக்குப் புதுச்சேரி இருந்தது. வீட்டுச் சாமானுக்கு யார் இருக்கிறார்கள்? இன்டர்போலின் திருட்டுக் கலைப்பொருள் தொகுப்பில் உலகெங்கிலுமிருந்து 50,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. தெளிவாக அடையாளம் சொல்ல முடிந்த பொருளுக்கே அதில் இடம். 'பழைய பித்தளை விளக்கு, ஒன்று' என்ற புகாரை வைத்துக்கொண்டு எந்தக் கணினியும் எதையும் தேட முடியாது. 1997 முதல் உலகம் ஒப்புக்கொண்ட பொருள் விவரமுறை ஒன்று இருக்கிறது: என்ன பொருள், எதனால் செய்தது, அளவு, எழுத்துகள், தனித்த அடையாளங்கள், எதைச் சித்திரிக்கிறது, காலம், செய்தவர், வழங்கும் பெயர். இவற்றோடு படங்கள். இன்டர்போல் 2021-இல் வெளியிட்ட ஐடி-ஆர்ட் என்ற இலவசச் செயலியில் இந்த முறைப்படி நம் வீட்டுப் பொருள்களை நாமே பட்டியல் போட்டு வைக்கலாம். கல்யாணத்துக்குச் சாமான் பரப்பி, ஒன்றுவிடாமல் எழுதிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இது கடினமான வேலையே அல்ல. பூட்டப்போகும் வீடு ஒவ்வொன்றிலும், பூட்டுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

விலாசம் வெட்ட முடியாத தேக்குத் தூணை என்ன செய்வது என்று கேட்கலாம். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழாது; தேக்கில் விழும். மழை பொய்த்த ஆண்டில் வளையம் குறுகும், நல்ல மழையில் விரியும். பர்மாக் காட்டில் அந்த மரம் கண்ட ஒவ்வொரு பருவமழையும் அகலம், குறுகல் என்று வரிசையாகத் தூணுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே காட்டு மரங்களில் பொது ஒழுங்கு ஒத்திருக்கும். வளையத்தின் நெளிவும் வெடிப்பும் கணுவும் மரத்துக்கு மரம் வேறு. திருடியவர் தூணை இரண்டாக அறுத்து இரண்டு ஊர்களில் விற்றாலும், அறுத்த இரு முகங்களிலும் அதே வளையங்கள் எதிரெதிராக நிற்கும். நின்றுகொண்டிருக்கும் தூணில் அறுத்த முகம் தெரியாது, கல்லும் உத்தரமும் மூடியிருக்கும். ஆனால் வளையங்கள்தான் பக்கவாட்டில் இழை வரியாக வெளிவருகின்றன. தூணின் நான்கு பக்கமும் ஓர் அளவுகோலைச் சாத்தி, சாய்வான வெளிச்சத்தில், இழையும் கணுவும் தெரிய நெருங்கி எடுத்த நான்கு படங்கள் போதும்.